தாரணி தோட்டத்து மஞ்சள்

கோகிலவாணி குனிந்து களை பறித்தால் தாரணிக்குக் காசு விழும். கதை இவ்வளவுதான். அதெப்படி, ஒருத்தியின் முதுகு வலிக்கு இன்னொருத்தி கையில் காசு விழும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சொல்கிறேன். இதில் மிஷின் ஒன்று வரும், ஆனால் பயப்படும்படி அது ஒன்றும் செய்யாது. செய்வதெல்லாம் மனுசர்தான்.

கோகிலவாணியும் தாரணியும் ஓரகத்திகள். அண்ணன் மோகனசுந்தரத்துக்கு வாக்கப்பட்டவள் கோகிலவாணி, தம்பி நந்தகுமாருக்கு வாக்கப்பட்டவள் தாரணி. மாமனார் காலமான பிறகு தோட்டத்தின் நடுவில் வரப்புப் போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அது பொதுவில் நின்றது. இன்றைக்கு அண்ணன் முறை, நாளைக்குத் தம்பி முறை என்று தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் மஞ்சள்.

மஞ்சள் பத்து மாசப் பயிர். பத்து மாசமும் தண்ணீர் கேட்கும். கிணறோ வருசத்துக்கு வருசம் இன்னும் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருந்தது. மரப்பயிருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொன்னார்கள். வெயில் தாங்குகிற ஒட்டுரகத்தில் பட்டர் ஃப்ரூட் வந்துவிட்டது, கால்வாசித் தண்ணீர் போதும் என்றார்கள். சொல்கிறவருக்கு என்ன? குழி எடுக்க வேண்டும், கன்று வாங்க வேண்டும், சொட்டுநீர்க் குழாய் இழுக்க வேண்டும். அதையாவது கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கன்று மரமாகிக் காய்ப்பதற்கு நாலு வருசம். அதுவரை அடுப்பு எப்படி எரியும்? பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை மரம் காய்த்த பிறகு கட்டுகிறேன் என்றால் விடுவார்களா? பயிர் மாற்ற நினைத்தவர்கள் பலபேர் இந்த நாலு வருசப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மஞ்சளையே ஊன்றினார்கள்.

அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போடுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. நிழல் வயல் திட்டம் என்று பெயர். யாழினி என்கிற சின்னப் பெண்தான் வந்து விளக்கினாள்.

"நீங்க மஞ்சள விட்டுட்டு மரம் வைக்கறீங்க. அதே நெலத்துல மஞ்சளே போட்டிருந்தா இந்த வருசம் எவ்வளவு வெளைஞ்சிருக்கும்னு எங்க மிஷின் வளத்துப் பாக்கும். மெய்யான மஞ்சள் இல்லீங்க, நிழல் மஞ்சள். அது வெளையற அளவுக்குக் காசு குடுத்துருவோம்."

போடாத மஞ்சள் எவ்வளவு விளையும் என்று மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று மோகனசுந்தரம் கேட்டான்.

"அதுக்குப் பக்கத்துல ஒரு நெசமான மஞ்சக் காடு வேணுங்க. அதே மண்ணு, அதே தண்ணி. அதப் பாத்துத்தான் நிழல் வளரும்."

ஆக, அண்ணன் தம்பி இருவரும் மாற முடியாது. ஒருவர் மஞ்சளோடு நிற்க வேண்டும். மோகனசுந்தரம் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. "தம்பி மாறிக்கட்டும்" என்றான். மூத்தவன் விட்டுக்கொடுப்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிற பெருமை. சந்தையில் வாங்கின மாட்டில் நல்ல மாடு தம்பிக்கு, பாகப் பிரிவினையில் மேட்டைத் தவிர்த்த பக்கம் தம்பிக்கு. பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்கிற வழக்கம்தான் அந்தப் பெருமையில் இல்லை. கோகிலவாணி அடுப்படியில் நின்று காதில் வாங்கினாள். தோசை கருகியது.

மறுவாரம் அவள் மஞ்சள் ஊன்றியிருந்த மண்பார்களின் நடுவே ஆள் உயரக் குச்சிகளை நட்டார்கள். உச்சியில் கண் மாதிரி ஒரு கண்ணாடி. ஒரு குச்சி தன்னைச் சுற்றியிருக்கிற செடிகளைத்தான் பார்க்கும், மற்றதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளும் என்று யாழினி சொன்னாள். குச்சி நட விட்டதற்குக் கம்பெனி வாடகை கொடுத்தது. வருசத்துக்கு ஒரு சேலை எடுக்கலாம், சாக்கெட்டுத் துணி கைக்காசில்.

முதல் வருசம் கார்த்திகை மழையில் தாரணி குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்து போனைக் காட்டினாள். "பாருங்க்கா, எங்க தோட்டத்துல மஞ்சள் எப்படி நிக்குதுன்னு." கோகிலவாணி பார்த்தாள். அவள் அணைத்த பார். அவள் ஓரத்தில் ஊன்றின ஆமணக்கு. போன வாரம் நாய் பறித்துப்போட்ட இடம்கூட அப்படியே. அவள் வயல்தான், தாரணியின் பட்டாவில், வேர்வை இல்லாமல் நின்றது. தாரணி சந்தோசத்தைப் பங்குபோட வந்தவள். வாங்கினவளுக்கு அது வேறாக இறங்கியது.

அன்றிலிருந்து கோகிலவாணியின் கண் வரப்புக்கு அந்தப் பக்கமே கிடந்தது. தாரணி காலையில் ஒரு குழாயைத் திருகிவிட்டால் கன்றுகள் தாமே குடித்துக்கொண்டன. மிச்சப் பொழுதில் தையல் கற்றாள். ஸ்கூட்டி பழகினாள். மஞ்சள்காரி கை எப்போதும் மஞ்சள் பூத்துக் கிடக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. தாரணியின் விரல்கள் மெல்ல மெல்ல வெளுத்தன. ஒருநாள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த கோகிலவாணி தன் கையை இலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சாம்பார் வாளியோடு வந்தவர், "ஏம்மா, கை இல்லாம எப்படிச் சாப்புடுவ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருசம் இப்படி ஓடியது. மூன்றாம் வருசம் மழை நல்ல மழை. கோகிலவாணியின் மஞ்சள் மார்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. தன் பயிர் செழித்ததற்கு வயிறு எரிகிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு தூர் பருக்கும்போதும் வரப்புக்கு அந்தப் பக்கம் இல்லாத தூர் ஒன்று பருத்தது. அவள் மண் அணைத்தால் அங்கே அணைந்தது. அவள் சாம்பல் தூவினால் அங்கே தெம்பேறியது. புருசனிடம் சொன்னாள். "நம்மகிட்ட இருந்து எதையும் எடுக்கலியே, வாணி. அவிய காசு கம்பெனி காசு" என்றான் அவன். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எடுத்திருந்தால் திருட்டு என்று வரப்பில் நின்று சண்டை போடலாம். எதுவும் எடுக்காதவளை என்ன சொல்லி ஏசுவது?

தண்ணீரை நிறுத்திப் பயிரைக் காயப்போடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை அவளுக்குத் தெரியும். அவள் அவ்வளவு ஏமாளி இல்லை. மூக்கும் இருக்க வேண்டும், சகுனமும் கெட வேண்டும். குச்சி தன்னைச் சுற்றியிருப்பதைத்தான் பார்க்கும் என்று அந்தப் பெண் சொன்னாளே, அது ஞாபகம் வந்தது.

மார்கழிக் கடைசி. கிழங்கு உள்ளே திரண்டு முடிகிற சமயம். ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற மத்தியானத்தில் கோகிலவாணி மஞ்சள் வேகவைக்கிற கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். குடம் குடமாகச் சுமந்து, ஒவ்வொரு குச்சியையும் சுற்றி நின்ற செடிகளின் அடியில் ஊற்றினாள். மற்ற செடிகளை ஒரு சொட்டும் தொடவில்லை. சூடு தெறித்துப் புறங்கால் கொப்பளித்தது. இரண்டு நாளில் அந்த இடங்களில் இலை மஞ்சளித்துத் துவண்டு விழுந்தது. கிழங்கு அழுகல் வந்தால் எப்படி விழுமோ அப்படியே.

மிஷின் நம்பியது. தோட்டம் முழுக்க அழுகல் என்று எழுதிக்கொண்டது. தாரணியின் போனில் நிழல் மஞ்சளும் சாய்ந்தது. தாரணி அன்றைக்குத் தையலுக்குப் போகவில்லை என்பதைக் கோகிலவாணி கவனித்தாள். அன்று வெகுநாள் கழித்து அவளுக்குச் சோறு ருசித்தது. நந்தகுமார் வந்து அண்ணனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். மோகனசுந்தரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டான்.

அந்த ருசி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. யாழினி வந்தாள். நோய் விழுந்த காட்டைப் பார்த்து நிழல் வளர்க்கக் கூடாது என்பது விதியாம். மாற்றுப் பயிர் வைத்தவர்கள் அதனால் நட்டப்படக்கூடாதாம். இனிமேல் தாரணியின் நிழலுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணையார் தோட்டத்தை மாதிரியாக வைத்திருக்கிறார்கள். அது வாய்க்கால் பாசனம், கொழுத்த மண். மறுநாளே தாரணியின் நிழல் மஞ்சள் எழுந்து, முன்னைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. போகிறபோது யாழினி கோகிலவாணியின் தோளைத் தொட்டு, வருத்தப்படாதீங்கம்மா என்றாள். கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

போகட்டும், நம் மஞ்சளாவது கையில் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள். தை கழிந்து வெட்டினார்கள். மண்ணைப் புரட்டப் புரட்டக் கிழங்கு கொத்துக் கொத்தாக வந்தது. குச்சியடியில் மட்டும் கொஞ்சம் சேதம். மோகனசுந்தரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழுகல் விழுந்த தோட்டத்தில் இப்படியா, ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோகிலவாணி ஆத்தாளைப் பார்க்கவும் கூசினாள். வேகவைத்தார்கள், காயவைத்தார்கள், மெருகேற்றினார்கள். வேனில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

மண்டி வாசலிலேயே நிறுத்தினார்கள். வெளியூர் மஞ்சளை வாங்கி இந்த ஊர் மஞ்சள் என்று விற்கிறார்கள் என்று போன வருசத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு. எந்தப் பட்டாவில் எவ்வளவு விளைந்ததென்று அதே மிஷின் சொல்லியிருக்கிறதோ அவ்வளவுதான் அந்தப் பெயரில் உள்ளே போகும். வாசலில் இருந்தவன் பட்டா எண்ணைத் தட்டிப் பார்த்தான். மூட்டைகளைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"அழுகிப்போச்சுன்னு இருக்குதுங்களே. இந்தக் காட்டுல மஞ்சளே வெளையல."

"அப்ப இது என்னங்க?" என்றான் மோகனசுந்தரம், மூட்டையைத் தட்டி.

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஆரு காட்டு மஞ்சளுங்க இது?"

மோகனசுந்தரத்துக்கு முகம் செத்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒருவரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. அவன் எகிறினான், கெஞ்சினான். வாசல்காரன் நல்ல பையன்தான். ஒரு வழி சொன்னான். பங்காளி பட்டாவில் நிழல் மஞ்சள் நிறையக் காட்டுகிறதே, அந்தப் பெயரில் வந்தால் உள்ளே விடலாம். மரத்துக்கு நடுவே சிலபேர் ஊடுபயிராக மஞ்சள் போடுவார்கள் என்று அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று. மஞ்சளை மண்டியில் போட்டுவிட்டால் நிழலுக்குக் காசு வராது. ஏதாவது ஒன்றுதான்.

வேன் திரும்பி வந்தது. இந்த மூட்டைகள் விற்காவிட்டால் விதைக்கடன் நிற்கும், ஆள் கூலி நிற்கும், அடுத்த வெள்ளாமையே இல்லை. விளைந்த மஞ்சள் இவளிடம், விளைந்த பேர் அவளிடம். தம்பியிடம் போய்க் கேட்க மோகனசுந்தரத்துக்கு வாய் வராது. கொடுத்தே பழகினவன், கேட்கத் தெரியாது. சாயங்காலம் கோகிலவாணிதான் வரப்பைத் தாண்டினாள்.

தாரணி கன்றுகளின் அடியில் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கன்று என்ன கன்று, தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. கோகிலவாணி மண்டியில் நடந்ததைச் சொன்னாள். கொதிதண்ணீரைச் சொல்லவில்லை. தாரணி சருகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, அழுகல் நோய் குச்சியக் கண்டு கண்டு வட்டம் போட்டா வரும்?"

கோகிலவாணி புறங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நானும் மஞ்சக் காட்டுல பொறந்தவதானுங்க. அழுகல்னா தண்ணி ஓடற பக்கமா எறங்கும். அன்னிக்கே தெரிஞ்சுது. உங்க காலு வெந்திருந்ததும் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டு? அத்தனை சனம் முன்னாடி உங்களை என்ன சொல்றது?" தாரணி அடிமரத்தில் சாய்ந்துகொண்டாள். "சும்மா வர்ற காசுன்னு நெனச்சீங்க. மரம் காய்ச்சதும் கம்பெனிக்காரன் காயில புடிச்சுக்குவான், வட்டியோட. இந்தக் கன்னு ஒவ்வொண்ணும் எனக்குக் கடங்காரனாட்டத் தெரியுது. காலைல எந்திரிச்சு வந்து பாத்தா, நீங்க அங்க பச்சைக்குள்ள குனிஞ்சு நிப்பீங்க. எத்தனை நாளு அதைப் பாத்துட்டு நின்னிருக்கேன் தெரியுமா? உங்களுக்குன்னு ஒரு வெள்ளாமை இருக்குது. எனக்குப் போனுக்குள்ள இருக்குது. வயித்தெரிச்சல் உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களாக்கும்."

கோகிலவாணி அவள் விரல்களைப் பார்த்தாள். நகச்சாயம் உரிந்து, அடியில் சருகு அழுக்கு.

நிழல் காசை விட்டுவிடுகிறேன் என்றாள் தாரணி. மஞ்சளை என் பேரில் போடுங்கள், வருவதில் பாதி எனக்கு. தயவுக்காக இல்லை என்றும் சொன்னாள். இந்த வருசம் அண்ணன் வீடு சாய்ந்தால் நிலம் விலைக்குப் போகும், நிலத்தோடு கிணற்றுப் பாதியும் போகும். யாரோ ஒருத்தன் வந்து முறைத் தண்ணீருக்கு மல்லுக்கட்டினால் காய்க்கப் போகிற வருசத்தில் மரம் காயும். "நான் சாமி இல்லீங்க்கா. எனக்குக் கெணறு வேணும்."

பாதி. இதுவரை தாரணி வாங்கினதில் ஒரு ரூபாய்கூடக் கோகிலவாணியின் மூட்டையிலிருந்து போகவில்லை. அதற்கே மூன்று வருசம் வெந்தாள். இப்போது மெய்யாகவே பாதியைத் தன் கையால் எடுத்துக்கொடுக்க வேண்டும். பண்ணையார் தோட்டத்து நிழலுக்கு வந்திருக்க வேண்டிய காசு போவதில் தாரணிக்கும் நட்டம்தான். கோகிலவாணி அதையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். தனக்கு நட்டம் கூடவா அவளுக்குக் கூடவா என்று பார்க்கிற புத்தி அப்போதும் விடவில்லை. பிறகு சரி என்றாள்.

புருசர்கள் யாரும் வர வேண்டாம் என்று தாரணி சொல்லிவிட்டாள். மோகனசுந்தரம் மூஞ்சியில் பொய் நிற்காது. ஓரகத்திகள் இரண்டுபேரும் வேனில் முன்னால் உட்கார்ந்து போனார்கள். வாசலில் பெயர் ஒத்துப்போனது, கதவு திறந்தது. உள்ளே மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். ஏலம் எடுக்கிற வியாபாரி வயசானவர், தங்கக் கம்பிக் கண்ணாடி. ஒரு விரலி மஞ்சளை எடுத்துக் காதருகில் வைத்து ஒடித்தார். நல்ல மஞ்சள் ஒடிந்தால் வெண்கலம் மாதிரி ஒரு சத்தம் வரும். வந்தது. இன்னொன்று எடுத்து ஒடித்தார். அடுத்த குவியலில் நின்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் இப்படி ஒரு மஞ்சள் நான் பாக்கல. ஆரு தோட்டமுங்க?"

என் தோட்டம் என்று கோகிலவாணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் மென்று விழுங்கினாள்.

"எங்குளுதுங்க" என்றாள் தாரணி.

வியாபாரி அவளைக் கும்பிட்டார், மெய்யாகவே கையெடுத்து. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தாரணியைப் பார்த்தார்கள். கோகிலவாணிக்கு உள்ளே கொப்பரை கொதித்தது. அந்த விரலி ஒவ்வொன்றும் அவள் முதுகு. அதை ஒடித்துப் பார்த்து இன்னொருத்தியைக் கும்பிடுகிறார்கள்.

"கடைசி மண்ணு எப்பங்க அணைச்சீங்க? சாம்பல் போட்டதுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டார் வியாபாரி.

தாரணி வாயைத் திறந்தாள், மூடினாள். வாசல்காரப் பையன் அங்கேதான் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றான். கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பின்னாலீங்க" என்றாள் கோகிலவாணி. "மொதச் சாம்பல், அப்புறம் ஒரு தண்ணி, மண்ணு புட்டாட்ட உதிரயில அணைச்சது."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"நீங்க ஆருங்க?"

தாரணி அவளைப் பார்த்தாள். கோகிலவாணி மஞ்சள் பூத்த தன் கைகளை முந்தானையில் துடைத்தாள். அது போகாது என்று தெரிந்தும் துடைத்தாள்.

"இவிய தோட்டத்துக்கு வேலைக்கு வர்றவளுங்க நான்."

வியாபாரி தலையை மெல்ல ஆட்டினார். தாரணியிடம் திரும்பி, "ஆள உட்றாதீங்கம்மா. இந்தக் கை எல்லாருக்கும் கெடைக்காது" என்றார்.

"உடமாட்டனுங்க" என்றாள் தாரணி. அவள் குரல் உடைந்ததை ஏலக் கூச்சலில் வேறு யாரும் கேட்கவில்லை.

கோகிலவாணி குனிந்து, சிதறின விரலிகளைப் பொறுக்கிக் குவியலில் சேர்த்தாள். இப்படி ஒரு ஆள் வேலைக்கு வாய்த்திருக்கிறதே இவளுக்கு என்று, ஒரு நொடி, தாரணியின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.